புண்ணை மட்டும் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள்: செப்சிஸ் பற்றி ஓர் எளிய விளக்கம்

உடம்புக்குள் நுழைந்த கிருமியை எதிர்க்கக் கிளம்பிய நம் சொந்த எதிர்ப்புச் சக்தியே கட்டுமீறிப் போய், நுரையீரல், சிறுநீரகம், இதயம், மூளை என்று நல்ல உறுப்புகளையும் கெடுக்கத் தொடங்கும் நிலைதான் செப்சிஸ். காலில் ஆறாத புண், சிறுநீர்க் கடுப்பு, நெஞ்சுச் சளி, வெடித்த குடல்வால், பல்லடியில் கட்டிய சீழ், பிரசவத்துக்குப் பின் வரும் காய்ச்சல் என்று எதிலிருந்தும் இது கிளம்பலாம். பாக்டீரியாதான் பெரும்பாலும் காரணம் என்றாலும் வைரஸ், பூஞ்சை, மலேரியா ஒட்டுண்ணி ஆகியவையும் இந்த நிலைக்குக் கொண்டுபோய் விடும்.

2017ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 4 கோடியே 89 லட்சம் பேருக்குச் செப்சிஸ் வந்தது, 1 கோடியே 10 லட்சம் பேர் அதை ஒட்டி இறந்தார்கள் என்று 2020 ஜனவரியில் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அந்த ஆண்டு உலகில் நேர்ந்த சாவுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இது. அப்படியிருந்தும் மாரடைப்பு, புற்றுநோய் அளவுக்கு இந்தப் பெயர் நம் வீடுகளில் புழங்கவில்லை. இழப்பு நடந்த வீட்டில் கேட்டால் "நிமோனியா" என்பார்கள், "சுகர்க்காரர், காலில் புண்" என்பார்கள், "ஒவ்வொரு உறுப்பா நின்னு போச்சு" என்பார்கள். அந்த நிமோனியாவையும் நின்றுபோன சிறுநீரகத்தையும் இணைக்கும் கண்ணி எது என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தொற்று இருக்கும் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் செப்சிஸ் கண்ணில் படாது. புண் காலில் இருக்கும், அடையாளம் மூச்சில் தெரியும். கடுப்பு நீர்ப்பையில் இருக்கும், அடையாளம் பேச்சில் தெரியும். இதை ஒருவர் மனத்தில் பதிய வைத்துக்கொண்டால் போதும், மற்ற விவரங்களெல்லாம் தானாகப் பொருந்திவிடும்.

விரலில் பட்ட ஒரு கத்திக் கீறல்

1847ஆம் ஆண்டு, வியன்னா பொது மருத்துவமனை. சட்ட மருத்துவப் பேராசிரியர் யாக்கோப் கொலெச்காவின் விரலில், பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி பட்டுவிட்டது. சிறிய காயம். ஆனால் சில நாட்களில் அவர் இறந்துபோனார். அவர் உடலைத் திறந்து பார்த்தபோது நுரையீரல் உறை, இதய உறை, வயிற்று உறை, மூளை உறை எல்லாவற்றிலும் அழற்சி. கத்தி பட்டதோ ஒரு விரலில்.

அந்த அறிக்கையைப் படித்த அவருடைய நண்பர் இக்னாஸ் செம்மல்வைஸ் அதிர்ந்துபோனார். அவர் வேலை பார்த்த பிரசவ வார்டில் காய்ச்சல் கண்டு இறக்கும் தாய்மார்களின் உடலிலும் இதே மாற்றங்களைத்தான் அவர் பார்த்துவந்தார். பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வரும் மருத்துவர்கள், மாணவர்களின் கைகளில்தான் ஏதோ வருகிறது என்று முடிவுகட்டி, குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவாமல் யாரும் பிரசவம் பார்க்கக் கூடாது என்று 1847 மே மாதம் கட்டளையிட்டார். 1846இல் அந்த வார்டில் நூற்றுக்குப் பதினொரு தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். 1848இல் அது நூற்றுக்கு ஒன்றரைக்கும் கீழே இறங்கியது. கிருமியால் நோய் வரும் என்பதே அன்றைய மருத்துவத்துக்குத் தெரியாது. பலர் அவரை ஏற்கவில்லை. 1865இல் மனநலக் காப்பகம் ஒன்றில், ஆறாத காயத்தில் பரவிய தொற்றால் அவரும் இறந்தார்.

பிரசவத் தொற்று பழங்கதை ஆகிவிடவில்லை. 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஏழு நாடுகளில் 29,278 கர்ப்பிணிகளைச் சேர்த்தார்கள். இந்தியாவின் பெலகாவியும் நாக்பூரும் அதில் அடக்கம். சுகப்பிரசவத்துக்காக வலி எடுத்து வந்தவர்களுக்கு அஜித்ரோமைசின் என்ற ஆண்டிபயாடிக்கை ஒரே ஒரு வேளை கொடுத்தபோது, தாய்க்குச் செப்சிஸ் அல்லது மரணம் நேர்வது 2.4 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. பிறந்த குழந்தைகளுக்கு வரும் செப்சிஸ் மட்டும் அதனால் குறையவில்லை.

உள்ளே நடப்பது என்ன

விரலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கும், சூடாகும், வீங்கும், வலிக்கும். நான்கும் உடம்பு வேண்டுமென்றே செய்பவை. அங்குள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன, அதனால் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவர் சற்று இளகி நீரையும் வெள்ளையணுக்களையும் வெளியே விடுகிறது, அதனால் வீக்கம். சுற்றியுள்ள நுண்ணிய குழாய்களில் ரத்தம் உறைந்து, கிருமி வெளியே ஓடாதபடி வேலி கட்டுகிறது. இந்த வேலைகளுக்கு ஆள் கூப்பிடும் ரசாயனச் செய்திகளுக்குச் சைட்டோகைன்கள் என்று பெயர். ஒரு விரலுக்குள் நடக்கும்வரை இது உயிரைக் காக்கும் ஏற்பாடு.

இதே விரிதல், இதே கசிவு, இதே உறைதல் தலையிலிருந்து கால்வரை ஒரே சமயத்தில் நடந்தால் அதுதான் செப்சிஸ். எதிர்ப்புச் சக்தி "போதும்" என்று நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் போய்விடுகிறது. சிலருக்கு மட்டும் ஏன் அப்படி ஆகிறது என்பதற்கு வயது, கூடவே இருக்கும் நோய்கள், கிருமியின் வகை, பிறவியிலேயே வரும் மரபணு வேறுபாடுகள் என்று பல காரணங்கள் சேர்கின்றன.

முதலில் விரிதல். உடம்பெங்கும் நைட்ரிக் ஆக்சைடு சுரந்து ரத்தக் குழாய்கள் தளர்ந்துவிடுகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லா வீட்டுக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் மேல் வீட்டுக்குத் தண்ணீர் ஏறாது இல்லையா, அதுபோல ரத்தம் இருந்தும் அழுத்தம் இல்லாமல் போகிறது. ஈடுகட்ட இதயம் படபடவென்று அடித்துக்கொள்ளும்.

அடுத்தது கசிவு. ரத்தக் குழாயின் உட்சுவரில் வழவழப்பான மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. செப்சிஸில் அது உரிந்துபோகிறது. நீரும் ஆல்புமின் என்ற புரதமும் திசுக்களுக்குள் வடிந்துவிடும். ஐ.சி.யூ.வுக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்கள், "முகம், கை கால் எல்லாம் ஊதிப்போய் இருக்கார், இன்னும் டிரிப்ஸ் ஏத்திக்கிட்டே இருக்காங்களே" என்று கலங்குவதுண்டு. கலக்கம் நியாயமானது. தண்ணீர் உடம்பில் இருக்கிறது, ரத்தக் குழாய்க்குள் இல்லை. அந்த முரண்பாட்டைச் சமாளிப்பதுதான் உள்ளே இருக்கும் மருத்துவரின் பெரிய தலைவலி.

மூன்றாவது உறைதல். கண்ணுக்குத் தெரியாத நுண் குழாய்களில் ஆயிரக்கணக்கான சிறு ரத்தக் கட்டிகள் அடைத்துக்கொள்கின்றன. தட்டணுக்களும் உறைவுப் புரதங்களும் அதிலேயே செலவாகித் தீர்ந்துவிடுவதால், ஒரு பக்கம் ரத்தம் கட்டிக்கொண்டே மறுபக்கம் ஊசி போட்ட இடத்தில் ரத்தம் நிற்காமல் வரும். விரல் நுனிகளும் கால் விரல்களும் கறுத்து, பிழைத்தவர்களில் சிலர் அவற்றை இழக்கவும் நேர்கிறது.

நான்காவதாக ஒன்று உண்டு, எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. செப்சிஸில் இறந்தவர்களின் இதயத்தையும் சிறுநீரகத்தையும் நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வாளர்கள், அங்கே செத்த செல்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்று கண்டார்கள். செல்கள் இருக்கின்றன, வேலை மட்டும் நின்றுவிட்டது. செல்லுக்குள் ஆக்சிஜனை எரித்துச் சக்தி எடுக்கும் மைட்டோகாண்ட்ரியா முடங்கிவிடுவதால், ஆக்சிஜன் வாசல்வரை வந்தும் பயன்படுவதில்லை. செல் தன் உயிரைத் தக்கவைத்துக்கொள்ள வேலையை ஒத்திவைக்கிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். டயாலிசிஸ் வரை போன சிறுநீரகம் சில வாரங்களில் மறுபடி வேலை செய்யத் தொடங்குவதற்கு இது ஒரு நல்ல விளக்கம். உறுப்பு நின்றுவிட்டது என்று கேட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம் என்று குடும்பத்தாரிடம் நான் சொல்வது இதனால்தான்.

அதே பரிசோதனைகளில் கணிசமாகச் செத்துக் கிடந்தவை எதிர்ப்புச் சக்தியின் சொந்தப் படைவீரர்களான லிம்போசைட் அணுக்கள். ஆரம்பத்தில் கட்டுமீறிய எதிர்ப்புச் சக்தி பிறகு களைத்து ஓய்ந்துவிடுகிறது. முதல் தொற்றிலிருந்து தப்பியவர் இரண்டாவது வாரத்தில் வேறொரு கிருமியிடம் மாட்டுவது இந்த ஓய்ச்சலால்தான்.

உறுப்பு உறுப்பாக

நுரையீரலின் காற்றுப் பைகளுக்குள் நீர் கசிந்து இறங்கினால் ஆக்சிஜன் ரத்தத்தில் ஏறாது. மூச்சு வேகமாகும், பிறகு திணறும், சிலருக்கு வென்டிலேட்டர் வைக்க வேண்டிவரும். ரத்தத்தில் அமிலம் கூடுவதை ஈடுகட்டவும் உடம்பு மூச்சை வேகப்படுத்துகிறது. ஆகவே நுரையீரலில் எந்தத் தொற்றும் இல்லாத, காலில் மட்டும் புண் உள்ள ஒருவருக்கும் செப்சிஸில் மூச்சு வாங்கும்.

சிறுநீரகம் அழுத்தம் குறைந்ததும் சிறுநீர் பிரிப்பதைக் குறைத்துவிடும். ஐ.சி.யூ.வில் சிறுநீர்க் குழாய் போட்டு, மணிக்கு எத்தனை மில்லி என்று செவிலியர் குறித்துக்கொண்டே இருப்பார். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லியாவது வர வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 30 மில்லி, ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டி. தொடர்ந்து அதற்குக் கீழே போனால் அங்கே எல்லோரும் சுறுசுறுப்பாகிவிடுவார்கள்.

மூளைக்கு நேரடியாகக் கிருமி போகாமலேயே அது குழம்பும். வயதானவர்களிடம் பல நேரம் இதுதான் முதல் அடையாளம். நேற்றுவரை பேரன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் இன்று நாள் கிழமை தெரியாமல் பேசுகிறார், அல்லது எழுப்பினாலும் கண்ணைத் திறந்து மூடிக்கொள்கிறார். "வயசாச்சு, இப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். திடீரென வந்த குழப்பத்தை வயதின் கணக்கில் எழுதக் கூடாது. சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ அதன் பின்னால் இருக்கலாம்.

இதயத் தசை தளரும். கல்லீரல் பாதிக்கப்பட்டால் கண் மஞ்சளாகும். குடலின் உட்சுவர் காவல் தளர்ந்து அங்குள்ள கிருமிகளுக்கும் வழிவிடும்.

நீர் ஏற்றிய பிறகும் ரத்த அழுத்தத்தை நிமிர்த்த நாராட்ரீனலின் போன்ற மருந்து தேவைப்பட்டு, செல்கள் திணறும்போது ரத்தத்தில் சேரும் லாக்டேட் என்ற பொருளும் கூடியிருந்தால் அதைச் செப்டிக் ஷாக் என்கிறார்கள். 2016இல் சர்வதேச நிபுணர் குழு வகுத்த வரையறை இது. இந்தக் கட்டத்துக்கு வந்தவர்களில் மருத்துவமனையிலேயே நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள். முந்தின கட்டத்திலேயே பிடித்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் மன்றாடுவதன் காரணம் இந்த எண்.

ரத்தத்தில் கிருமி இருந்தால்தான் செப்சிஸ் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கிருமி நுரையீரலிலோ வயிற்றிலோ உட்கார்ந்திருக்க, ரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் ஒன்றுமே வளராமல் போவது சர்வ சாதாரணம். "கல்ச்சர் நெகட்டிவ்னு வந்துடுச்சு, அப்புறம் எதுக்கு ஐ.சி.யூ.?" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

வீட்டில் எதைக் கவனிப்பது

காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதிலேயே நம் கண் நிற்கிறது. செப்சிஸில் காய்ச்சல் உச்சத்தில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முதியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் உடம்பு 36 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சில்லிட்டுப் போவதுண்டு, அது இன்னும் மோசமான அறிகுறி. பாராசிட்டமால் கொடுத்துச் சூடு இறங்கியதை வைத்து நிம்மதி அடையவும் முடியாது.

மூச்சை எண்ணுங்கள். அவர் படுத்திருக்கும்போது, சொல்லாமல், வயிறோ நெஞ்சோ ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும். குழந்தைகளுக்கு அளவு வேறு: இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40 என்பது உலக சுகாதார நிறுவனம் வேகமான மூச்சுக்கு வைத்திருக்கும் எல்லை. வீட்டில் பி.பி. கருவி இருந்தால், மேல் எண் 100 அல்லது அதற்குக் கீழே வருகிறதா என்று பாருங்கள். எப்போதும் 150 இருக்கும் ஆளுக்கு 110 கூடக் குறைவுதான்.

விரலை அழுத்திப் பார்ப்பது இன்னொரு வழி. ஆள்காட்டி விரலின் நுனியை வெளுக்கும்வரை அழுத்தி, பத்து நொடி பிடித்துவிட்டு விடுங்கள். நிறம் மூன்று நொடிக்குள் திரும்ப வேண்டும். இது ஏதோ கைவைத்தியம் என்று எண்ண வேண்டாம். 2019இல் தென் அமெரிக்காவில் ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்றில் கண்ணாடித் தகட்டால் விரலை இப்படி அழுத்திப் பார்த்தே செப்டிக் ஷாக் நோயாளிகளுக்குச் சிகிச்சையை நகர்த்தினார்கள். லாக்டேட் பரிசோதனையை வைத்து நகர்த்தியதற்கு அது சளைக்கவில்லை. அறை குளிராக இருந்தால் மட்டும் இது ஏமாற்றும்.

தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறுவது, வெளிறுவது, நீலம் பாய்வது ஆகியவற்றை அடையாளமாகச் சொல்கிற படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் நிறத்தில் உதடு, நாக்கு, உள்ளங்கை, கீழ் இமையின் உட்புறம் ஆகியவற்றில்தான் அது தெரியும். விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்ஸிமீட்டரும் கறுத்த தோலில் உண்மை அளவைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எண் 95 இருக்கிறது, ஆளுக்கு மூச்சு வாங்குகிறது என்றால் ஆளை நம்புங்கள்.

கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார்? அரை நாளாகப் போகவே இல்லை என்றால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. பச்சிளம் குழந்தை பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, உடம்பு சில்லிடுவது, வயிறு உப்புவது ஆகியவற்றில் எது ஒன்று இருந்தாலும் அன்றைக்கே, அந்த நேரத்திலேயே மருத்துவமனை. அவர்களுக்கு மணிக்கணக்கில் நிலைமை மாறிவிடும்.

ஓர் எச்சரிக்கை: மூச்சு, பி.பி., தெளிவு மூன்றும் சரியாக இருப்பதால் செப்சிஸ் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. 2021இன் சர்வதேச வழிகாட்டுதலும் இந்த மூன்றை மட்டும் நம்பிச் சல்லடை போடாதீர்கள் என்கிறது. "என்னமோ எப்பவும் போல இல்லை" என்று கூடவே இருக்கும் மனைவிக்கோ மகளுக்கோ தோன்றுவதை மருத்துவரிடம் தயங்காமல் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்துக் காரணங்கள்

இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொன்னது. சர்க்கரை கூடியிருக்கும்போது வெள்ளையணுக்கள் மந்தமாகின்றன. காலில் உணர்ச்சி குறைவதால் ஆணி குத்தியதே தெரிவதில்லை. வெறுங்காலோடு கோயில் பிரகாரத்தில் நடந்து கொப்புளம் வந்தவர், அது வலிக்கவில்லை என்பதாலேயே நான்கு நாள் விட்டுவிடுகிறார். வலிக்காத புண்ணுக்குத்தான் அவர் அதிகம் பயப்பட வேண்டும். புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், கல்லீரல் சுருங்கியவர்கள், மண்ணீரல் எடுக்கப்பட்டவர்கள் ஆகியோரும் இதே வரிசையில் வருகிறார்கள்.

தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதையொட்டிய குளிர்மாதங்களிலும் வரும் ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலைத் தனியாகச் சொல்ல வேண்டும். புதர், புல்வெளி, வயல் வரப்புகளில் இருக்கும் மிகச் சிறிய பூச்சிக் குஞ்சு கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி, இடுப்பில் நாடா கட்டும் இடம் என்று துணி மறைக்கும் பகுதிகளில் ஒளிந்துகொள்ளும். வலியும் இருக்காது, அரிப்பும் இருக்காது. உடையை விலக்கித் தேடினால்தான் கிடைக்கும். கண்டுபிடிக்காமல் விட்டால் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் அடிவாங்கும். மற்றத் தொற்றுகளுக்கு வழக்கமாகப் போடும் பென்சிலின், செஃப்ட்ரையாக்ஸோன் வகை மருந்துகள் இதற்கு வேலை செய்யாது. டாக்சிசைக்ளினும் அஜித்ரோமைசினும்தான் கேட்கும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் ஏறத்தாழ 800 தீவிர நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, இரண்டையும் சேர்த்து நரம்பில் கொடுத்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிடச் சிக்கல்கள் குறைகின்றன என்று 2023இல் காட்டியது. காட்டுவேலைக்குப் போனவர், மாடு மேய்ப்பவர், புல் அறுத்தவர் காய்ச்சலோடு வந்தால் அந்தத் தகவலை மருத்துவரிடம் சொல்வது பாதி நோயறிதலுக்குச் சமம்.

குழந்தைகள் பக்கம் நல்ல செய்தியும் உண்டு. ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பச்சிளம் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2017இல் நேச்சர் இதழில் வந்தது. பிறந்த சில நாட்களில், ஒரு வாரத்துக்கு, நன்மை செய்யும் ஒரு வகை பாக்டீரியாவையும் அதற்கு உணவாகும் சர்க்கரைச் சத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். செப்சிஸ் அல்லது மரணம் 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தது. ஆய்வுக்கென்று தேர்ந்தெடுத்த பாக்டீரியா அது. கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு பொடியை வாங்கிப் புகட்டிவிட வேண்டாம்.

மருத்துவமனையில்

முதல் ஒரு மணி நேரத்தில் பல வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கும். கல்ச்சருக்கு ரத்தம் எடுப்பார்கள், லாக்டேட் பார்ப்பார்கள், ஆண்டிபயாடிக் தொடங்குவார்கள், நீர் ஏற்றுவார்கள். கல்ச்சர் ரத்தத்தை ஆண்டிபயாடிக்குக்கு முன்பே எடுக்க முயல்வார்கள், இல்லாவிட்டால் கிருமி பாட்டிலில் வளராமல் போய்விடும். மருந்துக் கடையில் நாமே வாங்கி விழுங்கிய இரண்டு மாத்திரைகூட அந்தப் பரிசோதனையைக் கெடுத்துவிடும்.

நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நியூயார்க் மாநிலத்தில் சான்று கிடைத்தது. பள்ளியில் விளையாடும்போது கையில் சிராய்த்துக்கொண்ட 12 வயதுச் சிறுவன் 2012இல் செப்சிஸால் இறந்தான். முதலில் பார்த்தவர்கள் வயிற்றுக் கோளாறு என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவன் பெற்றோர் விடாமல் போராடியதால், எல்லா மருத்துவமனைகளும் செப்சிஸைக் கண்டறிந்து உடனே சிகிச்சை தொடங்கும் நடைமுறையைக் கட்டாயமாக வைத்திருக்க வேண்டும் என்று 2013இல் அந்த மாநிலம் விதி கொண்டுவந்தது. பிறகு 149 மருத்துவமனைகளில் 49,331 நோயாளிகளின் தரவை ஆராய்ந்தார்கள். கல்ச்சர், லாக்டேட், ஆண்டிபயாடிக் ஆகிய மூன்றையும் முடிக்க ஒவ்வொரு மணி நேரம் தாமதமானபோதும் இறப்பு வாய்ப்பு ஏறக்குறைய 4 சதவீதம் கூடியது தெரிந்தது.

மருந்து மட்டும் போதாது, ஊற்றுக்கண்ணை அடைக்க வேண்டும். சீழ் இருந்தால் திறந்து வடிக்க வேண்டும், கல் அடைத்த சிறுநீர்ப் பாதைக்கு வழி செய்ய வேண்டும், அழுகிய திசுவை அகற்ற வேண்டும். கால்விரலை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லும்போது குடும்பம் இரண்டு நாள் அவகாசம் கேட்கிறது. அந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் சில நேரம் அந்த இரண்டு நாளில் விரலில் நின்றிருக்க வேண்டியது முழங்கால்வரை போய்விடுகிறது.

மருந்தைப் பாதியில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டில் 1941இல் நடந்ததைச் சொல்லலாம். 43 வயதுக் காவலர் ஆல்பர்ட் அலெக்சாண்டருக்கு முகத்திலும் தலையிலும் சீழ்க் கட்டிகள், ஒரு கண்ணையே எடுத்தாகிவிட்டது. பிப்ரவரி 12ஆம் தேதி அவருக்குப் பென்சிலின் போட்டார்கள். ஒரே நாளில் தேறத் தொடங்கினார். உலகில் இருந்த பென்சிலினே அவ்வளவுதான் என்பதால் அவருடைய சிறுநீரிலிருந்தும் அதைப் பிரித்தெடுத்து மறுபடி ஏற்றினார்கள். சில நாட்களில் அதுவும் தீர்ந்தது. தொற்று திரும்பியது, மார்ச் 15ஆம் தேதி இறந்தார். இன்று மருந்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் விழுங்கித் தள்ளியதால், அந்த மருந்துக்கெல்லாம் அடங்காத கிருமிகள் நம் ஐ.சி.யூ.க்களிலும் பச்சிளம் குழந்தை வார்டுகளிலும் குடியேறிவிட்டன.

பிழைத்து வந்த பிறகு

வீட்டுக்கு வந்தவர் பழையபடி இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். தசை கரைந்திருக்கும், மாடிப்படி ஏற முடியாது, கொத்துக் கொத்தாக முடி கொட்டும். ஞாபக மறதி, கெட்ட கனவு, காரணமில்லாத பயம், எரிச்சல் எல்லாம் மாதக்கணக்கில் நீடிக்கலாம். "அதான் சரியாயிடுச்சே, இன்னும் ஏன் படுத்தே இருக்கார்" என்று கேட்காதீர்கள். சோம்பல் இல்லை, ஓய்ந்துபோன உடம்பு அது. நாற்காலியில் உட்காருவது, வாசல்வரை நடப்பது என்று சிறுகச் சிறுக ஏற்ற வேண்டும். புரதம் சேர்ந்த சாப்பாடு வேண்டும், சிறுநீரகம் அடிவாங்கியிருந்தால் எவ்வளவு என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகள் போடலாமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

எதிர்ப்புச் சக்தி களைத்திருக்கும் முதல் சில மாதங்களில் மறுபடி தொற்று வருவது அதிகம். மறுபடியும் மூச்சு வேகமாகவோ பேச்சு குழறவோ செய்தால் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 எண்ணை அழையுங்கள். போன உடனே ஐந்து விஷயத்தைச் சொல்லுங்கள்: தொற்று எங்கே, எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார், என்ன மாத்திரை கொடுத்தீர்கள், முன்பு எப்போது செப்சிஸ் வந்தது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைப் பையில் வைத்திருங்கள். பணியில் இருப்பவர் வேறு எதையோ எண்ணிக்கொண்டிருந்தால், "டாக்டர், இது செப்சிஸாக இருக்குமா?" என்று நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ளும் நல்ல மருத்துவர் யாரும் இல்லை.